அத்தியாயம் 14: சர்வரை நிறுத்திப் பார்த்த நாள்

போன வாரம் சுலோச்சனாவை, மாரிகுப்பத்தில் தங்கை வீட்டு வாசலில் கையில் ஒரு பையோடு நிறுத்திவிட்டு வந்தோம். "அந்தம்மாவுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது" என்று வாசகிகளில் பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர், "மருமகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். இல்லாவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. கோலார் தங்கவயல் கோரமண்டலில் குடியிருக்கும் ஓவியாவுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு பால் கம்பெனியின் டேட்டா சென்டரில் வேலை. இன்று நடக்கும் சோதனையில் தேறினால் அவள்தான் அதற்கு ஹெட். ஹெட் ஆகிறவர் ஒயிட்ஃபீல்டிலேயே குடியிருக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். "கோரமண்டல் வூட்ட வுட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று மாமியார் சொல்ல, "நீங்க வரலன்னா நாங்க பொழைக்க மாட்டோமா?" என்று மருமகள் கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம். அன்று கிளம்பிப் போன சுலோச்சனா இன்னும் திரும்பவில்லை.

புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லி முடித்துவிட்டு ஓவியாவின் புருஷன் ராகுலன் வண்டிச் சாவியை எடுத்தான். ஆண்டர்சன்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஊரில் யாருடைய போன் ஊமையானாலும் பேச வைத்துவிடுவான். அம்மாவையும் பெண்டாட்டியையும் பேச வைக்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

"நேத்து சாயந்தரம் அம்மாவப் பாக்கப் போயிருந்தேன்" என்றான், வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே.

"இன்னா சொன்னாங்க?"

"டீ குடுத்தாங்க. ஒன்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"நானும் கேக்கல" என்றாள் ஓவியா. முகம் வேறு மாதிரி சொன்னது.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது. இறங்கியதும் ராகுலன், "பயமா இருக்குதா?" என்றான்.

"ரொம்ப பயமா இருக்குதுங்க."

"நல்லா பண்ணுவ. போ, ரயில் வந்துடுச்சி."

ரயில் மாரிகுப்பத்தில் புறப்பட்டு வருவது. நடுவில் இருக்கும் பெண்கள் பெட்டியில் சுலோச்சனா இருப்பாள். கே.ஆர்.புரத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. இத்தனை வருஷமும் மாமியாரும் மருமகளும் ஒன்றாக அந்தப் பெட்டியில்தான் ஏறினார்கள். சண்டைக்குப் பிறகு ஓவியா அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் ஏறி, நின்றுகொண்டே போகிறாள்.

கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துப் படிப்பது அவளுக்குப் பழக்கம். மாமனார் ஆறுமுகம் படுத்த படுக்கையாகக் கிடந்த நாலு வருஷமும் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். அவர் காலமான பிறகு மறுபடி வேலைக்குப் போனால், தான் கற்றதில் பாதி பழசாகிப் போயிருந்தது. அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண்கள் வாயில் புதுப்புதுப் பெயர்களாக வந்தன. ஓவியா அழவில்லை. ரயிலைப் பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டாள். பங்காருப்பேட்டைக்குள் ஒரு பாடம், மாலூருக்குள் இன்னொன்று.

அவள் வேலை என்ன என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சிரமமில்லை. பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதற்குள் முப்பது நாற்பது கம்ப்யூட்டர்களைக் குடி வைக்கிறார்கள். நம் கோலார் தங்கவயல் லைன் வீடுகள் மாதிரி. கூரை ஒன்று, குடித்தனம் பல. ஒவ்வொன்றும் தனக்கென்று தனி வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். இப்படி உள்ளே குடியிருப்பவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். குடி வைத்திருக்கும் பெரியதுக்குப் பெயர் சர்வர்.

பால் கம்பெனியில் அப்படி மூன்று சர்வர்கள். அவற்றை நடத்தும் பழைய சாப்ட்வேரின் விலை தாறுமாறாக ஏறியதும், "புதுசு ஒண்ணு இருக்குது, நான் மாத்தித் தர்றேன்" என்று துணிந்து சொன்னவள் ஓவியா. மாற்றியும் விட்டாள். இன்று அதற்குப் பரீட்சை. பட்டப்பகலில் ஒரு சர்வரை நிறுத்துவார்கள். அதில் குடியிருந்த மெஷின்கள் எல்லாம், யாரும் தொடாமல், தாமாகவே மற்ற இரண்டு சர்வர்களில் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் ஓவியா ஹெட். நிற்காவிட்டால் மொத்தப் பொறுப்பும் வெளிக் கம்பெனிக்குப் போய்விடும்.

ஒயிட்ஃபீல்டில் இறங்கிப் படியேறப் போனவளின் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பார்வதம்மா. பெண்கள் பெட்டியின் நிரந்தர உறுப்பினர்.

"ஏம்மா ஓவியா, ஒங்க சண்டைய எப்பம்மா முடிப்பீங்க? எங்களால ஆவல."

"ஒங்களுக்கு இன்னாக்கா கஷ்டம்?"

"இன்னா கஷ்டமா? தெனம் ஒங்க அத்த மாரிகுப்பத்துல ஏறி, பக்கத்து சீட்டுல கர்ச்சீப் போட்டு வெச்சிடறா. கேட்டா, ஆள் வருதுன்றா. கோரமண்டல் போச்சு, பங்காருப்பேட்ட போச்சு, ஆளயே காணோம். காலியா கெடக்குது சீட்டு. ஆனா ஒருத்தரயும் ஒக்கார வுட மாட்டன்றா. நேத்து ஒரு கன்னடக்காரம்மாவோட பெரிய கலாட்டா. புள்ளத்தாச்சி வந்தா மட்டும் எடுக்கறா. நாங்க எல்லாம் நின்னுகினே வர்றோம்."

ஓவியா படியில் வைத்த காலை எடுத்தாள்.

"தெனமுமா?"

"தெனமும்தான்மா. சண்ட போட்டவளுக்கு சீட்டு புடிக்கிற மாமியார நான் எங்கயும் பாத்ததில்ல."

ரயில் நகரத் தொடங்கியிருந்தது. ஓவியா ஓடிப்போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். சுலோச்சனா தெரிந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஓவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். பரீட்சைக்குப் போகிற நேரத்தில் இது தேவையா என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

* * *

கோலார், முல்பாகல், சீனிவாசபுரம் பக்கத்துக் கிராமங்களில் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அளந்து, கொழுப்பு பார்த்து, சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டு வருவது இந்த டேட்டா சென்டரிலிருந்து. அதனால் காலைப் பால் முடிந்து, மாலைப் பால் ஆரம்பிப்பதற்குள் சோதனையை முடிக்க வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர்கள் இரைந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் மூன்று பேர். கம்பெனியின் பெரிய அதிகாரி ஷில்பா. வெளிக் கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருக்கும் சரத். மூன்றாவது ஓவியா. அவர்கள் பேசியது கன்னடமும் இங்கிலீஷுமாக. உங்களுக்காக நான் தமிழில் தருகிறேன்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஷில்பா.

ஓவியா முதல் சர்வரை நிறுத்தினாள். திரையில் ஒரு வரிசை முழுக்கச் சிவப்பானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒன்று பச்சையானது. இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல.

அப்புறம் நின்றுவிட்டது.

மிச்சமெல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே செய்தி: மெமரியில் இடமில்லை.

சரத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "இடமில்லையா? மீதி ரெண்டு சர்வர்லயும் பாதி மெமரி சும்மா கிடக்குன்னு உங்க திரைதான் காட்டுது. இடமில்லன்னும் அதுவே சொல்லுது. எதை நம்பறது?"

"பாக்கறேன்" என்றாள் ஓவியா.

"பார்க்க என்ன இருக்கு? புது சாப்ட்வேர் இன்னும் பழுக்கல. பழசுக்கே போயிடலாம். இல்ல, இன்னும் ரெண்டு சர்வர் வாங்கணும்." சரத் கெட்டவனில்லை. அவனுக்கு அப்படித்தான் பட்டது.

ஷில்பா கடிகாரத்தைப் பார்த்தார். "டீ சொல்லியிருக்கேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் டைம். அதுக்குள்ள எழலன்னா முதல் சர்வரை மறுபடி ஆன் பண்ணிடுங்க. சாயங்காலப் பாலோட விளையாட முடியாது, ஓவியா."

ஆன் செய்துவிடலாம். எல்லாம் பழையபடி ஓடும். யாருக்கும் நஷ்டமில்லை, ஓவியாவைத் தவிர. ரயிலில் நின்றுகொண்டே படித்த அத்தனை பாடமும் அங்கே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

டீ வந்தது. அவள் தொடவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். டிஸ்க் சரி. நெட்வொர்க் சரி. மெமரி? காலி. நன்றாகத் தெரிகிறது, காலி. பிறகு ஏன் உட்கார விடமாட்டேன் என்கிறது?

உட்கார விடமாட்டேன் என்று நினைத்ததும் ஓவியா அப்படியே நிமிர்ந்தாள். காலையில் பார்வதம்மாவும் இதைத்தானே சொன்னாள்? சீட்டு காலிதான். ஆனால் யாரையும் உட்கார விடவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு கர்ச்சீப் கிடந்தது.

மெமரியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் பெயரில் பிடித்து வைத்திருக்கிறது என்ற பக்கத்தைத் திறந்தாள். நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு மெஷினும் தனக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இடத்தைத் தன் பேரில் பூட்டி வைத்திருந்தது. பாதிக்கு மேல் ஒரு நாளும் பயன்படுத்தாத இடம். புது மெஷின் வந்து கேட்டால், ஆள் வருது என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது சர்வர்.

மளமளவென்று விரல்கள் ஓடின. யார் யாருக்கு உண்மையில் எவ்வளவு தேவையோ, அவ்வளவை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை விடுவித்தாள். பால் சீட்டு அடிக்கும் மெஷினின் இடத்தை மட்டும் தொடவில்லை. அது நிச்சயமாக வருகிற ஆள்.

திரையில் ஒன்று பச்சையானது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக, கண் பார்த்து முடிப்பதற்குள், மொத்தமும் பச்சை.

"அடேயப்பா!" என்றார் ஷில்பா.

சரத் திரையருகே குனிந்தான். "யார் இப்படி எல்லாத்தையும் பூட்டி வெச்சது? முன்னால இருந்தவரா?"

முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போய் வெகு நாளாகிறது. அவர் தலையில் போட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஓவியாவுக்கு அந்த ஆசை வந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

"நான்தான்" என்றாள். "புது சாப்ட்வேருக்கு மாத்தும்போது நான்தான் போட்டேன். எங்க ஊர்ல ரயில் ஏறினா மொதல்ல இடம் பிடிப்போம், அப்புறம்தான் யார் வர்றாங்கன்னு பார்ப்போம். கை அதே பழக்கத்துல எல்லா மெஷினுக்கும் இடம் பிடிச்சு வெச்சிடுச்சு. சாப்ட்வேர் மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

ஷில்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"சரி. தேறிட்டதா எழுதிக்கலாமா?"

"வேண்டாம் மேடம்."

"என்ன?"

"நடுவுல நான் கை வெச்சிட்டேன். தானா எழுந்தாத்தான் கணக்கு. மறுபடி முதல்லேருந்து பண்ணலாம். இந்தத் தடவை எந்த சர்வர்னு சரத் முடிவு பண்ணட்டும். நான் கீபோர்டைத் தொட மாட்டேன்."

முதல் சர்வரை ஆன் செய்து, எல்லாவற்றையும் பழைய இடத்தில் குடியேற்றினார்கள். சரத் எழுந்தான். திரைக்கு வரவில்லை. நேராகக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். நடுவில் இருந்த சர்வரின் பின்பக்கம் போய், இரண்டு மின் ஒயர்களையும் பிடித்துச் சடாரென்று பிடுங்கினான்.

ஓவியா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வரிசை சிவப்பானது. கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒன்றையொன்று இடித்துத் தள்ளாமல், ஒழுங்காக, ஒன்று விடாமல் எல்லா மெஷின்களும் அடுத்த இரண்டு சர்வர்களில் எழுந்து நின்றன. ஷில்பா கை தட்டினார். ஒயரைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்த சரத்தும் தட்டினான், ஒயரோடு.

"அப்படியே இருக்கட்டும். ஆன் பண்ணாதீங்க" என்றாள் ஓவியா. "சாயங்காலப் பால் ரெண்டு சர்வர்லயே ஓடட்டும்."

ஓடியது. முல்பாகல் பக்கத்தில் முதல் கேன் இறங்கியது. சீட்டு போனது. சீனிவாசபுரம் வந்தது. பிறகு கிராமம் கிராமமாக, எங்கும் தடங்கலில்லை. ஒரு சர்வர் செத்துக் கிடக்கிறது என்று பால் ஊற்றிய ஒருவருக்கும் தெரியாது. அதுதான் ஓவியாவின் வெற்றி. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்தும் விட்டாள்.

"அடுத்த சோதனைக்கும் என்னைக் கூப்பிடுங்க" என்றான் சரத். "உங்ககிட்ட கத்துக்கணும்."

ஷில்பா எழுந்து வந்து கை குலுக்கினார். "வாழ்த்துகள், ஹெட். ஒயிட்ஃபீல்டுக்கு எப்ப குடி வர்றீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஓவியா வீட்டில் அத்தனை சண்டை போட்டாள். பதில் தயாராகவே வைத்திருந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"வரல மேடம்."

"வரலயா?"

"இன்னிக்கு பூரா நான் சர்வர் பக்கத்துலயே போகல. எல்லாம் திரையிலதான். உள்ள போனது சரத், அதுவும் ஒயரைப் பிடுங்க. இந்தத் திரை கோரமண்டல்ல இருந்தா என்ன? வீட்டுக்கு ரெண்டு கம்பெனி இன்டர்நெட் லைன் இழுத்துக் குடுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு. ராத்திரி ஏதாவது நின்னாலும் தானா எழுந்துக்கும்னு இப்பதான் பாத்தீங்களே. பக்கத்துல குடியிருக்கணும்ங்கறது பழைய காலத்துச் சட்டம்."

ஷில்பா குலுக்கிய கையை விட்டார். "ஹெட் வேலைக்கு முதல் நாளே சட்டத்தை மாத்தறீங்க."

"நீங்க வேண்டாம்னா..."

"மாத்துங்கன்னுதான் சொல்றேன். லைன் போட நாளைக்கே ஆள் அனுப்பறேன்."

* * *

சாயங்கால ரயிலில் ஓவியா நேராகப் பெண்கள் பெட்டியில் ஏறினாள். கண்கள் தேடின. சுலோச்சனா இல்லை.

"மதியமே பர்மிசன் போட்டுட்டு போயிட்டாளாம்" என்றாள் பார்வதம்மா. "அவளோட வேல செய்ற பொண்ணு சொல்லுச்சு. கண்ணெல்லாம் செவந்துகினு இருந்துச்சாம்."

ஓவியாவின் சந்தோஷத்தில் பாதி அங்கேயே இறங்கிப் போனது. ராகுலனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை. போன் ரிப்பேர்க்காரன் போனை எடுக்காவிட்டால் மனுஷிக்கு என்னவெல்லாம் தோன்றும்!

கோரமண்டலில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவள், வீட்டு வாசலில் நின்றாள். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. உள்ளே தரை முழுக்கச் சாக்கு மூட்டைகள். நடுவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுலோச்சனா. பரண் மேலிருந்து ராகுலன் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அத்த!"

"வந்துட்டியா? அந்தக் கயித்த எடு" என்றாள் சுலோச்சனா, நேற்றுதான் பேசினவள் மாதிரி.

"இன்னா இது?"

"பாத்தா தெரியல? ஒயிட்ஃபீல்டு போறோம்." முடிச்சை இறுக்கினாள். "காத்தால ரயில் கூட ஓடி வந்தியே, ஒரு ஜன்னல் வுடாம பாத்துகினு. நான் மூஞ்சிய திருப்பிகினேன். அப்பால வேல ஓடல எனக்கு. ஒங்க மாமாவுக்காக நாலு வருசம் வேலய வுட்டுட்டு இருந்தவ நீ. இன்னொரு தபா எங்க வூட்டு ஆளுங்களால நீ எதயும் வுடக்கூடாது. அவ்ளோதான். நான் வர்றேன்."

ஓவியா பையைக் கீழே வைத்தாள். "பாஸ் ஆயிட்டேனான்னு கூட நீங்க கேக்கலியே அத்த."

"அத இன்னாத்துக்கு கேக்கணும்?" என்றாள் சுலோச்சனா. "அது எனக்கு காத்தாலயே தெரியும்."

ஓவியா அப்படியே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிரிப்பும் சேர்ந்து வந்தது. பரண் மேலிருந்தவன் கையில் இட்லிப் பானையோடு மூக்கை உறிஞ்சினான்.

"அத்த, நான் ஹெட்டு ஆயிட்டேன்."

"அதான் சொன்னனே."

"ஆனா நாம எங்கயும் போவல. வூட்ட வுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். இங்கேருந்தே பாத்துக்கலாம்னு ஒத்துகினாங்க. நாளைக்கி லைன் போட ஆளு வர்றாங்க."

சுலோச்சனாவின் கை கயிற்றிலேயே நின்றது. "வூடு மாற வாணாமா?"

"வாணாம்."

"ஹெட்டு வேலயும் ஒனக்குத்தானா?"

"எனக்குத்தான்."

சுலோச்சனாவின் முகத்தில் முதலில் பெருமை வந்தது. முழுசாக, பல் தெரிய. "எங்க எல்லாரும் கேளுங்க, எம் மருமவ..." என்று வாசல் பக்கம் திரும்பியவள், பாதியில் நிறுத்தினாள். கை வாயை மூடிக்கொண்டது.

"இன்னாத்த?"

சுலோச்சனா மகனை நிமிர்ந்து பார்த்தாள். மகன் இட்லிப் பானையைப் பார்த்தான்.

"பாலகாட்ல இருக்கற நம்ம சகாயத்துக்கு வூட்ட வாடகைக்கு வுட்டுட்டேனே" என்றாள் மெல்லிய குரலில். "மழைல அவங்க வூட்டு செவுரு வுழுந்து, ஒரு மாசமா மச்சான் வூட்டுல கெடக்கறாங்க. மதியமே வாக்கு குடுத்து, சாவியும் குடுத்துட்டேன்."

"எப்ப வர்றாங்க?"

பதில் தெருமுனையிலிருந்து வந்தது. ஒரு டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பியது. மேலே கட்டில், பீரோ, தையல் மெஷின். முன் சீட்டில் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு சகாயத்தின் மனைவி பாக்கியவதி. வீட்டைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பாகி, எட்டிக் கையை ஆட்டினாள்.

மாமியாரும் மருமகளும் கையை ஆட்டினார்கள். வேறு என்ன செய்வது?